பெடல் ஸ்டீல் பார் அளவு – புதுப்பிப்பு

பெடல் ஸ்டீல் என்பது கிடைமட்டமாக வைத்து, கம்பிகள் மேல் பார் எனும் எஃகு உருளையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார். 10 கம்பி, ஈ9 சுருதி அமைப்பு கொண்ட பெடல் ஸ்டீலுக்கு எந்த பார் என்ற முந்தைய இழையில் விட்டம் மட்டும் பேசினோம். பின்னூட்டத்தில் தம்பி ஒருவர் நீளம் கேட்டிருந்தார். அதோடு, மண்டபம் ஊர்ப் பக்கம் படகு ஷாஃப்ட் கடைசல் செய்யும் லேத் பட்டறையில் ஒரு துண்டு வெட்டி பாராக வாங்கலாமா என்றும்.

நீளம் 3¼ அங்குலம் என்றால் முழுவதும் கம்பியில் படாது. முனை உருண்டை, விட்டத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். கம்பிகள் பிரிட்ஜ் (வலக்கை பக்கம் கம்பிகள் தாங்கும் இடம்) பக்கம் விரிவதால், அதற்கு அருகிலுள்ள மேல் ஃப்ரெட்டில் (சுரக்கோட்டில்) வைத்துப் பாருங்கள். பத்துக் கம்பியும் நேர்ப்பகுதிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் 3⅜ அங்குலம் எடுங்கள்.

3¼ நீளத்தில், விட்டம் ⅞ அங்குலம் என்றால் சுமார் 240 கிராம், 15/16 என்றால் 275, 1 அங்குலம் 310. கனம் கூடினால் நாதம் நீளும், கம்பி பாரில் மோதிச் சலசலக்காது. ஆனால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் கம்பியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் இரைச்சல்தான், அந்த பார் உங்களுக்குப் பெரிது. சின்னக் கைக்கு ⅞ போதும்.

லேத் துண்டு? 316 ஸ்டெயின்லெஸ் உப்புக்காற்றைத் தாங்கும். ஆனால் கடினப்படுத்திய எஃகை விட மென்மையானது, சுற்றுக்கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பி) அதில் வரி போட்டுவிடும். பழகுவதற்குச் சரி, கண்ணாடி போல் பாலிஷ் பிடித்தால். உங்கள் பார் குரோம் பூசியது என்றால் வாசித்ததும் வியர்வையைத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைக்காமல் வாசித்தால் கை வழுக்கும்.