ட்யூன் செய்யாமல் ஹெடர் போட்ட ஸ்விஃப்ட்: இப்படியே ஓட்டலாமா?

மன்னார்குடி ஸ்விஃப்ட்:
வண்டி 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் கம்பெனி மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, நான்கு குழாய் இரண்டாகி ஒன்றாகும் 4-2-1 ஹெடர் போட்டிருக்கிறேன். மேனிஃபோல்டோடு ஒட்டியிருந்த, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதோடு போய்விட்டது. பின் ஆக்சிஜன் சென்சாரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளிவைக்கும் ஸ்பேசர் போட்டு, செக் என்ஜின் விளக்கு எரியாமல் செய்துவிட்டார்கள். ட்யூனிங் வேண்டாம், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானே பழகிக்கொள்ளும் என்றார் மாட்டிக் கொடுத்தவர். 3500 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை நன்றாகவே தெரிகிறது. ஆனால் மைலேஜ் குறைந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ட்யூனிங் என்றால் ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப்; அதற்குச் சென்னை, கோவை என்று போக வேண்டும். இப்படியே ஓட்டலாமா?

திருச்சி ரெட்லைன்:
தாராளமாக ஓட்டலாம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் என்ஜின். ஹெடர் மட்டும் போட்டால் கூடுவது ஒற்றை இலக்கக் குதிரைத்திறன்தான். சாதாரண ஓட்டத்தில் முன் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். முழுசாக மிதிக்கும்போது மட்டும் சென்சாரை விட்டுவிட்டு, உள்ளே எழுதிவைத்த கணக்குப்படி ஊற்றும். அந்தக் கணக்கைக் கம்பெனிக்காரர்கள் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாகத்தான் வைப்பார்கள், 12.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவில். ஹெடரால் காற்று 5 சதவீதம் கூடினாலும் 13.1 ஆகும், அவ்வளவுதான். அதில் எந்த பிஸ்டனும் உருகாது. ட்யூனுக்கு ஆகும் பணத்தில் நல்ல டயர் நான்கு போடுங்கள்.

கும்பகோணம் பட்டறை:
ரெட்லைன் தம்பி, பெருக்கல் சரி. 12.5-இல் தொடங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது புது வண்டிக்கும் அன்றைய பெட்ரோலுக்கும் எழுதியது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 பக்கம் போதும். பழைய 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால்கூட, அதே அளவு ஊற்றினால் 4 சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. அதற்கு மேல் உங்கள் 5 சதவீதத்தைப் போடுங்கள். 13 வயது இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் இன்னும் எழுதிய அளவு தருகின்றனவா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பும் அந்த ரிச் எங்கே மிச்சம் இருக்கிறது?

மன்னார்குடித் தம்பி, போனட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாயில் சென்சார் இருந்தால் அது மாஃப். உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும், ஹெடரால் காற்று கூடினாலும் தெரிந்துகொள்ளும். இன்டேக் மேனிஃபோல்டின் மேலே சின்னதாக ஒன்று இருந்தால் மேப். அது அழுத்தத்தை மட்டும் சொல்லும். இந்த அழுத்தத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் இவ்வளவு காற்று போயிருக்கும் என்று ஈசியூ பழைய எக்ஸாஸ்ட்டை வைத்துத்தான் கணக்குப் போடும்.

மன்னார்குடி ஸ்விஃப்ட்:
இன்டேக் மேலேதான் இருக்கிறது அண்ணே. மேப்.

திருச்சி ரெட்லைன்:
மேப்பாகவே இருக்கட்டும். லாங் டேர்ம் ட்ரிம் என்று, ஈசியூ கற்றுவைத்துக்கொள்ளும் பெட்ரோல் திருத்தம் ஒன்று இருக்கிறதே? எத்தனாலால் வரும் குறை எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே மாதிரி வருவது. அதை ஈசியூ ஓட்டத்திலேயே கற்றுக்கொண்டுவிடும். பல ஈசியூக்கள் அந்தத் திருத்தத்தை முழு த்ராட்டிலிலும் பயன்படுத்துகின்றன. அப்புறம், எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், நாக் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வருவது குறையும். அதையும் சொல்லுங்கள் அண்ணே, ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் எப்படி?

கும்பகோணம் பட்டறை:
ஆக்டேன் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். எத்தனால் குறையை ட்ரிம் ஈடுகட்டும் என்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் ஹெடர் கொடுக்கும் கூடுதல் காற்று எல்லா ஆர்பிஎம்மிலும் வருவதில்லை. ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் அலை அடுத்த சிலிண்டரை உறிஞ்சி இழுக்கும் நேரம் பொருந்தும் இடத்தில்தான் வரும். 3500-க்கு மேல் இழுவை தெரிகிறது என்று தம்பியே சொல்கிறார். மிதித்து ஓட்டும் அந்த இடத்தில் ஈசியூ சென்சாரைக் கேட்பதே இல்லை. கேட்காத இடத்தில் எதைக் கற்றுக்கொள்ளும்?

அந்த டிக் டிக் சத்தம் எனக்குப் பெரிய கவலை. ஹெட்டும் ஹெடரும் சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிகிறது. சூடேறி உலோகம் விரிந்ததும் சத்தம் அடங்கும், கசிவு நிற்காது. புகை அலை அலையாகப் போகும்போது இரண்டு அலைக்கு நடுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்று சொல்லும், ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் போன வழி இதுதான்.

வலங்கைமான்:
ட்யூன் விவகாரம் உங்களுக்குள் இருக்கட்டும். நான் விவசாயி, கார் வைத்திருப்பவன். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கம் கிராமச் சாலை முழுக்க வைக்கோல். பங்குனி சித்திரையில் உளுந்துச் செடியைப் பரப்பி, வண்டி ஏறி நசுங்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அதன் மேல் ஓட்டாமல் எந்த ஊருக்கும் போக முடியாது. ஓட்டி முடித்துக் குனிந்து பாருங்கள்: ட்ரைவ் ஷாஃப்ட்டில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும், க்ராஸ் மெம்பர் மேலே கற்றையாகச் சொருகியிருக்கும், சம்புக்கும் (என்ஜின் ஆயில் தொட்டி) எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும். காய்ந்த வைக்கோல், கைபட்டாலே நொறுங்குவது.

கம்பெனி மேனிஃபோல்டின் மேல் தகட்டுக் கவசம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஹெடர் போடும்போது முதலில் தூக்கி எறிவது அதைத்தான். இந்த ஹெடரில் குழாய்கள் சம்புக்குக் கீழே இறங்குகின்றனவா? கவசம் இருக்கிறதா? வைக்கோல் சிக்கித் தீப்பிடித்த வண்டியைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

மன்னார்குடி ஸ்விஃப்ட்:
கவசம் இல்லை. குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் சம்புக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கிறது.

திருச்சி ரெட்லைன்:
வலங்கைமான் அண்ணன் சொல்வது நியாயம். இதற்குத் தீர்வு இருக்கிறது: சூட்டைத் தடுக்கும் துணிப்பட்டையான ஹீட் ராப் சுற்றிவிடலாம், கலெக்டருக்குக் கீழே அலுமினியத் தகடு அடிக்கலாம்.

நாகை உப்புக்காற்று:
தகடு அடியுங்கள், ராப் வேண்டாம். மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. எங்கள் கடற்கரைப் பக்கம் மைல்டு ஸ்டீல் ஹெடர் என்றால் சீக்கிரமே வெல்டிங் ஓரத்தில் ஓட்டை விழும். காந்தம் வைத்துப் பாருங்கள். 304 ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் காந்தம் பிடிக்கக் கூடாது.

கும்பகோணம் பட்டறை:
சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி புகைப் பரிசோதனையில் நேர்மையாகத் தேறாது. பிஎஸ்4 என்ற புகை விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் (மிதிக்காமல் ஓடவிட்ட நிலையில்) கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஸ்பேசர் விளக்கை அணைக்கும், புகையைச் சுத்தம் செய்யாது. பள்ளிக்கூட வாசலில் நின்று புகைகிற வண்டி எனக்குப் பிடிக்காது, வாடிக்கையாளர் வண்டியாக இருந்தாலும்.

திருச்சி ரெட்லைன்:
கன்வெர்ட்டரை எடுத்ததை நான் ஆதரிக்கவில்லை. என் வண்டியில் ஹெடருக்குப் பின்னால் தனி கன்வெர்ட்டர் இருக்கிறது. இங்கே கேள்வி ட்யூன் கட்டாயமா என்பது. வாய்ப்பேச்சு போதும், ரீடிங் எடுங்கள். ஈசியூ ரீடிங்கைப் போனில் காட்டும் இஎல்எம் 327 டாங்கிள் வாங்கி இணையுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் ஒன்று, 2500-இல் ஒன்று லாங் டேர்ம் ட்ரிம் பாருங்கள். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் இரண்டாம் கியரில் 3000-இலிருந்து 5500 வரை முழுசாக மிதியுங்கள். சட்ட வேகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முன் சென்சார் வோல்ட்டைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

கும்பகோணம் பட்டறை:
இதில் ஒத்துப்போகிறேன். அந்தச் சென்சார் ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும் பழைய வகையாக இருந்தால் ரிச்சில் 0.85 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் ஏஎஃப் சென்சார் வகை என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

மன்னார்குடி ஸ்விஃப்ட்:
பழைய வகைதான். ஐடிலில் ட்ரிம் +19 சதவீதம், 2500-இல் +8. முழுசாக மிதித்தபோது 4000 வரை 0.86, அதற்கு மேல் 0.7-க்கு இறங்கி ஆடியது. காந்தமும் பிடித்தது.

கும்பகோணம் பட்டறை:
ஐடிலில் அதிகமாகி, ஆர்பிஎம் ஏற ஏறக் குறைவது கசிவின் அடையாளம். 4000-க்கு மேல் வோல்ட் இறங்குவது கலவை மெலிகிறது என்பது. ஹெடர் காற்றைக் கொடுக்கும் இடமும் அதுதான். ட்யூன் இல்லாமல் இதை வைத்திருக்கக் கூடாது. பழைய மேனிஃபோல்டைக் கேட்டு வாங்குங்கள், கன்வெர்ட்டரோடு.

திருச்சி ரெட்லைன்:
கசிகிற ஹெடரில் எடுத்த வோல்ட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இழுக்கும் வெளிக்காற்று மேல் ஆர்பிஎம்மிலும் ரீடிங்கைக் கொஞ்சம் கெடுக்கும். புது கேஸ்கெட் போட்டு, ஹெட்டோடு பொருந்தும் ஹெடர் ஃபிளேஞ்ச் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்து, அதே சாலையில் அதே கியரில் மறுபடி எடுங்கள். 5500 வரை 0.85 நின்றால் அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணம் பட்டறை:
நின்றால் ட்யூன் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். கன்வெர்ட்டர் இல்லாததற்கும் கவசம் இல்லாததற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மன்னார்குடி ஸ்விஃப்ட்:
பழைய மேனிஃபோல்டு கடையிலேயே கிடக்கிறது, நாளைக்கே எடுத்துவந்துவிடுகிறேன். கேஸ்கெட் மாற்றி ஒரு ரீடிங் போடுகிறேன். அது எப்படி வந்தாலும் தை அறுப்புக்கு முன் பழையதை மாட்டிவிடுவேன். ஊரில் வைக்கோல் மேல்தான் ஓட்டியாக வேண்டும்.