புதுப்பிப்பு: மகளுக்குப் பள்ளி மாற்றிவிட்டோம்

பெயர்ப்பலகையில் மாண்டிசோரி (குழந்தையே பொருட்களைக் கையாண்டு கற்கும் முறை) என்று போட்ட பள்ளி, மூன்றரை வயது மகளுக்குத் தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்கிறது, இது சரியா என்று ஜூனில் கேட்டிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னீர்கள். அந்தப் பள்ளி அனுமதிக்கவில்லை. சரி, அதுவே பதில் என்று வேறு இடம் தேடினோம்.

புதிய பள்ளியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். 3 வயதும் 5 வயதும் ஒரே அறையில். ஒரு பையன் குமிழ் வைத்த 10 மர உருளைகளை அவற்றுக்கான குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்று குழியில் இறங்கவில்லை. ஆசிரியை பக்கத்தில்தான் இருந்தார், வாயே திறக்கவில்லை. (எனக்குத்தான் கை பரபரத்தது.) அவனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். தப்பை அந்தப் பொருளே காட்டிவிடுகிறது, பெரியவர்கள் தேவையில்லை.

எழுத்து? உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை மகள் விரலால் தடவி, ஒலியைச் சொல்கிறாள். பென்சில் அப்புறம்தானாம். அம்மாவுக்கு இதில் திருப்தியில்லை, "நோட்டு எங்கேடி?" என்று தினமும் கேட்கிறார். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939இல் நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கட்டணம் கூடுதல்தான், வேனும் கிடையாது. நேற்று தண்ணீரைச் சிந்திவிட்டு, யாரும் சொல்லாமல் அவளே துணி எடுத்துத் துடைத்தாள். பாதி தரை இன்னும் ஈரம்.