அஷ்டாங்க வின்யாச யோகா: உங்கள் முதல் மாதம் எப்படிப் போனது?

காவிரிக்கரை:
மூச்சுக்கு ஓர் அசைவாக ஆசனங்களை ஒரே வரிசையில் தொடர்ந்து செய்யும் இந்த முறை வேர்த்துக் கொட்டும் யோகா என்று கேள்விப்பட்டு 42 வயதில் எங்கள் ஊரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ‘முதல் வரிசை’ என்ற தொடக்கத் தொகுப்பின் ஆசனங்கள் அத்தனையும் செய்ய வைத்தார்கள், ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் இருந்தவர் முழங்காலில் நெற்றியை வைப்பதைப் பார்த்து நானும் வம்படியாகக் குனிந்தேன். மறுநாள் பின்தொடை தொடங்கும் இடத்தில் சுரீரென்று வலி. பைக்கில் உட்கார நாலு மாதம் பட்ட பாடு மறக்காது.

அப்புறம்தான் மைசூர் போனேன். பட்டாபி ஜோயிஸ் இந்த முறையைக் கற்பித்த ஊர். அங்கே காலை வகுப்பில் பெரும்பாலும் முன்னால் நின்று யாரும் சொல்வதில்லை. ஒரே கூடத்தில் அவரவர் தமக்குத் தெரிந்த அளவை அவரவர் மூச்சில் செய்கிறார்கள். ஆசிரியர் சுற்றி வந்து திருத்துகிறார். எனக்கு முதல் வாரம் முழுக்கச் சூரிய நமஸ்காரம் மட்டும்தான். முதல் வகையில் 9 அசைவு, இரண்டாம் வகையில் 17. அசைவுகளைச் சமஸ்கிருதத்தில் எண்ணுவார்கள்: ‘ஏகம்’ (ஒன்று) என்றால் மூச்சை இழுத்துக் கையை மேலே தூக்க வேண்டும், ‘த்வே’ (இரண்டு) என்றால் விட்டுக்கொண்டே குனிய வேண்டும். தொண்டையை லேசாக இறுக்கி மூக்கு வழியே விடும் அந்த உஜ்ஜாயி மூச்சுக்கு ஒரு சத்தம் உண்டு. சத்தம் கரகரத்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பத்தாவது சுற்றில் உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. அதற்கப்புறம் குனிந்தபோது பின்தொடை இழுக்கவே இல்லை! சரியாகச் சூடேறாமல் வம்படியாக இழுத்ததுதான் என் வலிக்குக் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வைகறை:
அண்ணா, எனக்கு மணிக்கட்டில் வலி. கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி தரைப்பக்கம் இறக்கும் சதுரங்க தண்டாசனத்தில் தொப்பென்று விழுவேன், தோளும் பிடித்துக்கொள்ளும். முழங்காலைத் தரையில் ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மெதுவாக இறங்கச் சொல்லித் தந்தார்கள். உள்ளங்கையின் அடியில் மட்டும் பாரத்தைப் போடாமல் விரல்களின் வேர் வரைக்கும் பரப்பினேன். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. முழங்கால் ஊன்றுவதைக் குறைவாக நினைக்காதீர்கள், அதுதான் தோளைக் காப்பாற்றும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தம்பிகளா, ஓய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த முறையில் வாரத்துக்கு ஒரு நாளும், அமாவாசை பௌர்ணமியும் விடுமுறை. பெண்களுக்கு மாதவிலக்கின் முதல் நாட்களும் அப்படித்தான். நான் அதை மீறிச் செய்து ஒரு மாதம் சோர்ந்து கிடந்தேன்.

இன்னொன்று. ஜோயிஸின் குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் துடிப்பான சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பின்னாளில் சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரின் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி மாற்றி மாற்றிக் கற்பித்தார். நாற்பதைத் தாண்டிய நாம் அந்தச் சிறுவர்களின் வேகத்தைப் பிடிக்க வேண்டுமா என்ன? நான் இப்போதும் சூரிய நமஸ்காரம் ஐந்து சுற்று, நின்று செய்யும் ஆசனங்கள், கடைசியில் பத்து நிமிடம் சவாசனம். அவ்வளவுதான். காவிரிக்கரை தம்பி, உட்கார்ந்து குனியும் ஆசனங்களுக்கு எப்போது போனீர்கள்? வலி திரும்ப வந்ததா?