மாற மறுத்த வால்பேப்பர்: என் கதை இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

அம்மாவின் கணினியில் பேரன் படத்தை வைத்துத் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை. விண்டோஸ் 10. படத்தின் மேல் வலது கிளிக் செய்து, டெஸ்க்டாப் பின்னணியாக வைக்கச் சொன்னேன். திரை ஒரு முறை கண்சிமிட்டியது. மறுபடியும் அதே கறுப்பு. வேறு படம் வைத்தேன், கறுப்பு. கணினியை அணைத்துப் போட்டேன், கறுப்பு. படத்தின் அளவு பெரிதோ என்று சுருக்கினேன். திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். நான் கணினித் துறையில் இருப்பவன் என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

மூன்று மணி நேரம் கழித்து, தற்செயலாகத்தான் அம்மாவிடம் கேட்டேன்: "சமீபத்தில் எதையாவது மாற்றினீர்களா அம்மா?"

"எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதே என்று பெரிதாக்கினேன். வேறொன்றும் தொடவில்லை."

எழுத்தைப் பெரிதாக்கும் இடம் செட்டிங்ஸில் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் என்ற பகுதியில், டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்கிறது. அதே பக்கத்தில் சற்றுக் கீழே, டெஸ்க்டாப் பின்னணிப் படத்தைக் காட்டுவதற்கு ஒரு சுவிட்ச். அது அணைந்து கிடந்தது! பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரை தெளிவாகத் தெரியட்டும் என்று வைத்த வசதி அது. பழைய கன்ட்ரோல் பேனலிலும் இதே வசதி உண்டு. ஆனால் அங்கே எல்லாம் தலைகீழ்: டிக் போட்டால் படம் போய்விடும், எடுத்தால் வரும். இதை யார் யோசித்தார்களோ தெரியவில்லை.

* * *

உங்கள் கதையைப் படித்தேன், இது என்னுடையது. என் வீட்டில் கறுப்புத் திரை இல்லை, பழைய படம்தான் பிசின் போல ஒட்டிக்கொண்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் போன வருட மலைதான். அதன் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல் நிறத்தில்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நாம் கொடுக்கும் படத்தை விண்டோஸ் அப்படியே காட்டுவதில்லை. தனக்கென ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் காட்டுகிறது. நம் பயனர் கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கினால் டிரான்ஸ்கோடட்வால்பேப்பர் என்று ஒரு ஃபைல் இருக்கும். பெயருக்குப் பின்னால் புள்ளியும் கிடையாது, ஜேபிஜியும் கிடையாது. நானே ஜேபிஜி என்று சேர்த்துத் திறந்தேன். அதே மலை, அதே சாம்பல் பாதி. பிரதி எடுக்கும்போதே கெட்டுப்போயிருக்கிறது.

ஃபைலின் பெயரை மாற்றி வைத்தேன், பக்கத்திலிருந்த கேஷ்டுஃபைல்ஸ் ஃபோல்டரைக் காலி செய்தேன், வெளியேறி மறுபடி உள்நுழைந்து படத்தை வைத்தேன். உடனே வந்தது. ஆப்டேட்டா ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணில் படாது. மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

* * *

எனக்குச் சுருக்கமான கதை. அலுவலகக் கணினி. படம் தேர்ந்தெடுக்கும் பகுதி முழுவதும் மங்கிக் கிடந்தது. மேலே சிவப்பில் ஒரு வரி, சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று. நிறுவனம் எல்லாக் கணினிகளுக்கும் விதி போடும் குரூப் பாலிசியில் பூட்டியிருந்தார்கள். அதை உடைக்கும் வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒரு படத்துக்காக வேலையை அடகு வைப்பார்களா? விட்டுவிட்டேன்.

* * *

2020 ஜனவரி 14 நினைவிருக்கிறதா? விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்த நாள். அன்று வந்த அப்டேட்டைப் போட்டதும் என் வால்பேப்பர் கறுத்துவிட்டது. ஆதரவு முடிந்ததால் தண்டிக்கிறார்கள் என்றே நினைத்தேன். வைரஸ் தேடினேன், பழைய நிலைக்கு மீட்டேன், அப்டேட் மறுபடி வந்தது, மறுபடி கறுத்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது: படத்தைத் திரை அளவுக்கு இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்ச் முறையில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் வந்த பிழை அது. நீட்டாமல் திரையை நிரப்பும் ஃபில் முறைக்கு மாற்றினேன், படம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அதற்கென்றே தனியாக ஒரு திருத்தமும் வெளியிட்டார்கள். விண்டோஸ் 7-இன் அடிப்படைப் பதிப்பான ஸ்டார்ட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அதில் வால்பேப்பரை மாற்றும் வசதியே கிடையாது.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். அம்மாவிடமிருந்து இன்று காலை அழைப்பு. பேரன் நன்றாகத் தெரிகிறானாம். அவன் நெற்றியில் குப்பைத் தொட்டி உட்கார்ந்திருக்கிறதாம், அதை எப்படி நகர்த்துவது என்று கேட்கிறார்.