முதல் வார்சிட்டி சீசனை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள் (அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி; வார்சிட்டி என்றால் கல்லூரியே நடத்தும் அதிகாரபூர்வ அணி, கிளப் என்றால் மாணவர்கள் தாங்களே காசு போட்டு ஆடும் அணி)

ஹேப்பிவேலி_முன்னாள்:
பென் ஸ்டேட், 2012 அக்டோபர் 12, அமெரிக்கன் இன்டர்நேஷனல் கல்லூரியுடன் முதல் ஆட்டம். பெகுலா என்ற பணக்காரர் 88 மில்லியன் டாலர் கொடுத்ததால்தான் கிளப் அணி வார்சிட்டி ஆனது. பெகுலா அரங்கம் அப்போது திறக்கவில்லை, பழைய கிரீன்பெர்க் ரிங்க்தான், உட்காரும் பலகைகூடச் சில்லென்று இருக்கும். எனக்குப் பக்கத்தில் ஐசர்ஸ் (பென் ஸ்டேட்டின் பழைய கிளப் அணி) ஜெர்சி போட்ட ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அந்தக் கிளப் அணியில் ஆடியவராம். எங்கள் ஹோல்ஸ்ட்ரம் கோல் அடித்ததும் கூரை பெயர்கிற மாதிரி சத்தம், நானும் கத்திக்கொண்டிருக்கிறேன், "பென் ஸ்டேட்டின் முதல் கோல்" என்று சுற்றிலும் ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள். அவரும் எழுந்து நின்று கைதட்டினார். தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்படியானால் நாங்கள் அடித்ததெல்லாம்?" என்றார். ஐசர்ஸ் ஏழு முறை தேசிய கிளப் சாம்பியன். கையிலிருந்து காசு போட்டு ஆடியவர்கள். என்னிடம் பதில் இல்லை. ஆட்டத்தை ஓவர்டைமில் 3-2 என்று இழந்தோம், அதை எப்போதோ மறந்துவிட்டேன், அந்தக் கேள்வி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

டெம்பி_வெயில்:
அரிசோனா ஸ்டேட், 2015-16. ஓஷன்சைடு ரிங்க் தெரியும்தானே, பிக் சர்ஃப் என்ற அலைக்குளத்துக்குப் பக்கத்துக் கட்டடம். வெளியே வெயில் 35 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது கையில் ஸ்வெட்டரோடு உள்ளே போக வேண்டும். எழுநூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம், எனக்குக் கோல் காக்கிற பையனுக்கு, அதாவது எங்கள் கோலிக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி இடம் கிடைத்தது. அந்த வருடம் தோல்விதான் அதிகம், நான் போன ஆட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு கோல் விழும்போதும் அந்தப் பையன் செய்தது ஒன்றேதான்: வலைமேல் இருக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிப்பான், மூலைவரை போய் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவான், இரண்டு கம்பத்தையும் ஸ்டிக்கால் தட்டிவிட்டுக் குனிந்து நிற்பான். ஐந்தாவது கோலுக்குப் பிறகும் அதே வட்டம், அதே வேகம். அணியில் பலர் கிளப் காலத்திலிருந்து வந்தவர்கள், 2014-ல் கிளப் சாம்பியன் பட்டம் வாங்கிய அணி அது. ஒரே வருடத்தில் முழு ஸ்காலர்ஷிப் அணிகள் முன்னால் நிறுத்திவிட்டார்கள். கோலியின் முகம் எனக்கு நினைவில்லை, முகத்தில் கூண்டு. அந்த வட்டம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மேடிசன்_பனி:
ஹேப்பிவேலி நண்பர் எழுதியதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிளப் ஆட்டக்காரரின் வருத்தம் நியாயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் சீசனால் இழந்தவர்கள் ஐசர்ஸ் மட்டுமா? பென் ஸ்டேட் வந்ததால்தான் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் ஆறு ஹாக்கி அணிகள் சேர்ந்தன, ஆறு இருந்தால்தான் தேசியப் போட்டிக்கு லீக் சாம்பியன் நேராகப் போகலாம், உடனே 2013-ல் பிக் டென் தனி லீக் தொடங்கிவிட்டது. மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் மூன்றும் கிளம்பியதும் அவை ஆடிவந்த பழைய சிசிஹெச்ஏ லீக் அந்த வருடமே கலைந்தது. எங்கள் விஸ்கான்சினும் மினசோட்டாவும் டபிள்யூசிஹெச்ஏ என்ற லீக்கை விட்டு வந்தன, நார்த் டகோட்டா போன்றவை தனியாக வேறு லீக் அமைத்தன. சின்ன ஊர்க் கல்லூரிகளுக்குப் பெரிய அணி வந்து ஆடுகிற அந்த ஒரு வார இறுதிதான் வருமானம், அதை யார் ஈடுகட்டினார்கள்? ஒரு பணக்காரரின் நல்ல மனசுக்கு இவ்வளவு தூரம் விளைவு உண்டு, அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

என் அனுபவம் சின்னது. 2013 பிப்ரவரி, விஸ்கான்சினின் கோல் சென்டர் அரங்கம், பென் ஸ்டேட் ஓவர்டைமில் 3-2 என்று எங்களைத் தோற்கடித்தது. அவ்வளவு பெரிய அரங்கில் நாங்கள் எல்லோரும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்க, மேல் வரிசையில் பென் ஸ்டேட்டின் நீலச் சட்டை போட்ட ஒரு அம்மா மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். ஆட்டக்காரர் யாருடையோ அம்மாவாக இருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நியூஜெர்சி_ராஜா:
நான் பார்த்தது லாங் ஐலண்ட் பல்கலையின் முதல் சீசன், 2020-21, கொரோனா காலம், ஃபோனில்தான். பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) சுற்றுப் பலகையில் மோதுகிற சத்தம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் கேட்டதில்லை.

சரி, இங்கே படிக்கிறவர்களில் இதுவரை நேரில் போகாதவர்கள் இருப்பீர்கள், உங்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை ஒட்டி உட்காராதீர்கள், அது இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது. முதல் முறை மூலைப் பக்கம், மேலே பத்தாவது வரிசை மாதிரி எடுங்கள், ஐந்து பேரும் எப்படி நகர்கிறார்கள் என்று அங்கிருந்துதான் புரியும். பக்கைத் துரத்தாதீர்கள், கண்ணுக்கு எட்டாது, பக் இல்லாத ஆளைப் பாருங்கள், அவன் ஓடுகிற இடத்துக்குத்தான் அடுத்து பக் வரும். முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறுவார்கள், ஆட்டம் நிற்காது, குழம்ப வேண்டாம். எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டைப் பக்குக்கு முன்னால் ஆள் தாண்டினால் ஆஃப்சைடு, இது ஒன்று தெரிந்தால் பாதி விசில் புரிந்துவிடும். சண்டை பார்க்கலாம் என்று போகாதீர்கள், கல்லூரி ஆட்டத்தில் கை நீட்டினால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. மூன்று இருபது நிமிடம், இரண்டு இடைவேளை, செருப்போடு போகாமல் மூடிய ஷூவும் கெட்டியான சாக்ஸும் போடுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். குழந்தையைக் கூட்டிப்போனால் காதுக்கு ஏதாவது போடுங்கள், கோல் சைரன் பயமுறுத்திவிடும். இன்னும் முக்கியம், அணி ஜெயிக்க ஆரம்பித்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள், அப்போது டிக்கெட் கிடைக்காது. பென் ஸ்டேட் 2025-ல் ஃப்ரோசன் ஃபோர் (தேசிய அரையிறுதி) வரை போய்விட்டது, அரிசோனா 2022-ல் ஐயாயிரம் பேர் அரங்குக்கு மாறிவிட்டது.

டெம்பி_வெயில்:
ராஜா அண்ணா, நன்றி, ஆனால் இங்கே பலரும் போனவர்கள்தான். மேடிசன் சொல்வதற்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் கிளப்பைத் துடைத்தெறியவில்லை. கிளப்பைப் பயிற்றுவித்த கிரெக் பவர்ஸ்தான் வார்சிட்டிக்கும் பயிற்சியாளர், அவரே ஒரு காலத்தில் அரிசோனா ஸ்டேட் கிளப்பின் கோலி.

கவி_ஸ்டேட்காலேஜ்:
எல்லோரும் ஆண்கள் அணியைப் பற்றியே எழுதுகிறீர்கள். பென் ஸ்டேட் பெண்கள் அணிக்கும் அதே 2012-13 தான் முதல் சீசன், அதே கிரீன்பெர்க், அதே குளிர். அவர்களுடைய முதல் பயிற்சியாளர் ஜோஷ் பிராண்ட்வீன் பழைய ஐசர்ஸ் ஆட்டக்காரர், அந்த ஜெர்சிக்காரர் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான் என்று நினைக்கிறேன். நான் போன ஒரு மதிய ஆட்டத்தில் பாதி இருக்கை காலி. ஆட்டம் கைவிட்டுப் போயாகிவிட்டது, கடைசி நிமிடம் ஓடுகிறது, எதிரணி நீலக் கோட்டிலிருந்து ஓங்கி அடித்த பக்குக்கு முன்னால் ஒரு பெண் முழு உடம்போடு விழுந்து மறித்தாள். பக் கணுக்காலில் பட்டது. ஒற்றைக் காலில் பெஞ்சுக்குச் சறுக்கிப் போனாள், பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்து ஸ்டிக்கால் பலகையைத் தட்டினார்கள். அந்த ஆட்டங்களுக்குப் போனவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா? போட்டோ வைத்திருந்தால் போடுங்கள், எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.