ரான் கார்ட்டர் பெயரைப் பார்த்த பிறகு

ராப் என்றால் தாளத்துக்கு வேகமாகப் பேசுவது, அதில் இசை ஏதும் இல்லை என்று பல ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தேன். ஜாஸ் கேட்கிறவன் என்ற பெருமிதமும் அந்த எண்ணத்துக்கு உரமிட்டது. ஒருநாள் அக்காள் மகன் தன் ஹெட்போனை நீட்டி, "மாமா, ரெண்டு பாட்டு மட்டும் கேளுங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்றான். நியூயார்க்கைச் சேர்ந்த 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழு 1991-இல் வெளியிட்ட 'தி லோ எண்ட் தியரி' ஆல்பம் அது.

முதல் பாட்டு வெறும் பாஸ் (தாழ்ந்த சுரக் கருவி) ஒலியில் தொடங்கியது. ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழு 1970-களில் பதிவு செய்த 'எ சாண்ட் ஃபார் பூ' என்ற இசையிலிருந்து எடுத்த பகுதி அது என்பதை அவன்தான் சொன்னான். அந்த இசைத்தட்டு என் அலமாரியிலேயே இருந்தது. இன்னொரு பாட்டில் டபுள் பாஸ் வாசித்திருப்பவர் ரான் கார்ட்டர் என்று அறிந்தபோது சற்று நேரம் பேச்சே எழவில்லை. 1960-களில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் வாசித்த அதே கார்ட்டர், இந்த இளைஞர்களுக்காக ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்திருக்கிறார்.

பிறர் பதிவை எடுத்தாளும் சாம்ப்ளிங் முறையைத் திருட்டு என்றே அதுவரை சொல்லிவந்தேன். ஆனால் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிய மெட்டுகளைக் கட்டியவர்கள்தாம் நான் போற்றும் பீபாப் (1940-களில் எழுந்த ஜாஸ் பாணி) கலைஞர்கள். அவர்களில் ஒருவரான டிஸ்ஸி கில்லெஸ்பியின் வாசிப்பை, அவர் பணியாற்றிய குழுவின் தலைவர் கேப் காலோவேயே 'சீன இசை' என்று பழித்ததும் எனக்குத் தெரிந்த செய்திதான். அதைப் படித்துக் காலோவேமீது கோபப்பட்ட நான், அதே குரலில் ராப்பைப் பழித்துவந்ததை எண்ணி உண்மையாகவே வருந்தினேன்.

பிறகு நானே தேடத் தொடங்கினேன். ஜாஸ் கலைஞர்கள் டொனால்ட் பைர்டும் ராய் அயர்ஸும் பங்கேற்ற, 'குரு' என்ற ராப் பாடகரின் 'ஜாஸ்மடாஸ்' முதல் தொகுதி (1993) மிகவும் பிடித்துப்போனது. மைல்ஸின் மறைவுக்குப் பின் 1992-இல் வந்த அவருடைய 'டூ-பாப்' ஆல்பம் மட்டும் மனத்தில் ஒட்டவில்லை. ஆயினும் தம் கடைசிக் காலத்தில் அவர் ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப் இசையின் பக்கம் திரும்பியிருந்ததற்கு அது சான்று. பாடல் வரிகளைப் பிடிக்க இன்னும் மூன்று நான்கு முறை கேட்க வேண்டியிருக்கிறது. புரியாத இடங்களை மருமகன் விளக்குகிறான். பிளேக்கியின் இசைத்தட்டு இப்போது அவனிடம் இருக்கிறது.