20 ரூபாய்க் கறிவேப்பிலைக் கன்னு

காட்பாடியில எங்க வீட்டு மாடியில ரெண்டு வருஷமா கன்னு போட்டு விக்கிறேன். மல்லிப் பதியன், ரோஜாப் போத்து, கறிவேப்பிலை, இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாத்து. 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதுலேருந்து அந்த நாத்தைக் கேட்டே சிலர் வர்றாங்க.

ஆரம்பத்துல விலை சொல்லவே கூச்சம். நம்ம மரத்துப் பழம், விதைக்குக் காசா குடுத்தோம்னு கறிவேப்பிலைக் கன்னு 20 ரூபாய்னு கேட்ல அட்டை மாட்டினேன். ஒரே வாரத்துல இருந்த 18ம் போயிடுச்சு. பெருமைதான்.

அடுத்த போடு வளர்ந்து வந்த சமயம், தள்ளுவண்டியில செடி விக்கிற அண்ணன் ஒருத்தர் வாசல்ல நின்னார். வாங்க வந்திருக்கார்னு நெனச்சேன். "இன்னாம்மா, நீங்க 20க்குக் குடுத்தா நாங்க இன்னா பண்றது? உங்களுக்குப் பொழுது போவுது, எனக்கு இதுலதான் அடுப்பு எரியுது"ன்னார். சண்டையா இல்ல. தண்ணி கேட்டுக் குடிச்சார். ஒரு பையைத் தூக்கிப் பார்த்து, "எத்தினி மாசக் கன்னு?" ஒம்பதுன்னேன். "எத்தினி செத்துது?" நான் எண்ணினதே இல்ல.

ராத்திரி நோட்டை எடுத்தேன். கறிவேப்பிலை விதை காய்ஞ்சா முளைக்காது. பழம் கறுத்ததும் சதையை நீக்கி உடனே ஊனணும். அப்படி 30 பையில ஊனினேன். சிலது முளைக்கல, சிலதைக் கத்திரி வெயில் வாட்டிடுச்சு. நம்ம ஊர் மொட்டை மாடி மே மாசத்துல தோசைக்கல்லுதானே. தேறினது 18. பை, செம்மண், தொழு உரம், தேங்காய் நார்த்தூள் சேர்த்து பைக்கு 16 ரூபாய், மொத்தம் 480. செத்த பையோட செலவும் பிழைச்ச கன்னு தலையிலதான் ஏறும். ஒரு கன்னுக்கு 27 ரூபாய் அடக்கம், அதை 20க்கு வித்திருக்கேன்! ஒம்பது மாசம் தண்ணி ஊத்தினது இதுல சேரல. (அந்த மண்ணைத் திரும்ப எடுக்கலாமேன்னு கேப்பீங்க. வேரழுகல் கண்ட மண்ணை நான் தொடறதில்ல.)

இப்போ 60. வண்டிக்கார அண்ணன் 70 சொல்லி 60க்குக் குடுப்பார், நான் 60ல நிக்கிறேன். கத்தரி நாத்து ஒரு மாசத்துல தயார், அதனால 5 ரூபாய் போதும். பக்கத்துத் தெரு ஆயாகிட்ட மட்டும் காசு வாங்கறதில்ல. அடுக்குச் செம்பருத்திப் போத்து கொண்டுவந்து தந்துட்டு, வேணும்ங்கறதை எடுத்துட்டுப் போவாங்க.

*இதைப் படிச்சுட்டு குடியாத்தத்திலிருந்து ஒருத்தர்:*
பேரமே கிடையாதுங்கறது எனக்கு ஒத்துவராதுங்க. காலையில மொத ஆளா வந்து போணி பண்றவங்களுக்கு 10 குறைச்சுடுவேன். ரெண்டு கன்னு எடுத்தா ஒரு துளசி கொசுறு. ஆனா செத்ததை எண்ணணும்னு இப்பத்தான் உறைக்குது.

*ஆற்காட்டிலிருந்து இன்னொருத்தர்:*
நான் வண்டிக்காரருக்கே மொத்தமா குடுத்துடறேன் சிஸ்டர். ஒரு கன்னு 40 ரூபாய், பத்துப் பத்தா எடுப்பார். வாசல்ல வாக்குவாதம் மிச்சம். கறிவேப்பிலைக்கு விலை ஏத்தினப்போ அவர் வாயே திறக்கல. மல்லிக்கு 5 ரூபாய் ஏத்தினதுக்குத்தான், "பூ வெலையே எறங்கிக் கீது, செடிக்கு இன்னாத்துக்கு ஏத்தறீங்க"ன்னு ஒரு மணி நேரம் உக்காந்துட்டார்.